காசிமேட்டிலிருந்து கிழக்குச் சீனக் கடலோரத்துக்கு: ஒரு புகைப்பட மாணவியின் விண்ணப்பம் – நிகழ்வு ஆய்வு

சீனாவில் புகைப்படக் கலை படிக்க நினைக்கும் மாணவர்களுக்கும் அவர்களுக்கு வழிகாட்டுகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று இதைப் பதிவு செய்கிறேன். மாணவியின் பெயர், கல்லூரி, சேர்ந்த பல்கலைக்கழகம் எதையும் குறிப்பிடவில்லை. அவரும் பெற்றோரும் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே வெளியிடுகிறேன்.

பின்னணி

2024 பிப்ரவரியில் அவர் என்னிடம் வந்தபோது விஸ்காம் இளங்கலை கடைசி செமஸ்டரில் இருந்தார். ராயபுரத்தில் அப்பாவுக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஜெராக்ஸும் அன்றாடச் செலவுக்கு. முகூர்த்த மாதங்களில் வரும் கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு ஆர்டர்கள்தான் உண்மையான வருமானம். பள்ளி நாட்களிலிருந்தே மண்டபங்களில் அப்பாவுக்கு இரண்டாவது கேமரா பிடித்தவர் என்பதால், கை வேகமும் வெளிச்சத்தைப் படிக்கும் பழக்கமும் நன்றாகவே இருந்தன. படிப்பு முடிந்ததும் ஸ்டுடியோவைப் பார்த்துக்கொள்வார் என்பது அப்பாவின் கணக்கு.

ஏன் சீனா? ஐரோப்பியக் கலைக் கல்லூரிகளின் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் அந்தக் குடும்பத்துக்கு எட்டாதவை. சீன அரசு உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் விடுதியும் இலவசம். கைச்செலவுக்கு முதுகலை மாணவருக்கு மாதம் 3000 யுவான். இது வெறும் பணக் கணக்கும் அல்ல. பெய்ஜிங் திரைப்படக் கழகம், ஹாங்சோவில் 1928-இல் தொடங்கிய சீனக் கலைக் கழகம் போன்ற இடங்களில் புகைப்படம் தனிப் பாடமாகவே கற்பிக்கப்படுகிறது. 2001 முதல் பிங்யாவ் நகரில் புகைப்பட விழா நடக்கிறது. இதையெல்லாம் அவர் தானாகவே தேடிப் படித்திருந்தார். அண்ணா நகரில் ஒரு ஏஜென்ட்டையும் பார்த்துவிட்டு வந்திருந்தார். சீனா என்றதும் அங்கே பேச்சு எம்பிபிஎஸ் சீட்டுக்குப் போய்விட்டதாம்.

முதலில் கண்டவை

என்னிடம் வருவதற்கு முன்பே ஐந்து பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. "படம் பிடிக்கலைன்னாகூடப் பரவாயில்ல சார், பாத்தாங்களான்னே தெரியல" என்றார்.

மின்னஞ்சலைத் திறந்து காட்டச் சொன்னேன். நான்கு வரி அறிமுகம், கீழே ஒரு இன்ஸ்டாகிராம் முகவரி, ஒரு கூகுள் டிரைவ் இணைப்பு. இரண்டுமே சீனாவுக்குள் தடுக்கப்பட்டவை. அனுப்பிய படங்களில் ஒன்றைக்கூட அந்தப் பக்கம் யாரும் பார்த்திருக்க வாய்ப்பில்லை. இந்தப் பக்கத்திலும் ஒரு கதவு மூடியிருந்தது. சீனப் பேராசிரியர்களும் மாணவர்களும் அன்றாடம் புழங்கும் வீசாட், 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. ஆகவே, சென்னையில் இருக்கும் மாணவருக்கு இணைப்புக் கோப்புடன் போகும் சாதாரண மின்னஞ்சல்தான் நம்பகமான வழி.

இணைப்பு திறந்திருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காது என்பது என் கணிப்பு. அறுபதுக்கும் மேற்பட்ட படங்கள் இருந்தன. மயிலாப்பூர் அறுபத்துமூவர், பாரிமுனை மழை, சௌகார்பேட்டை ஹோலி, மணமகள் கண், மெரினா குதிரை என்று ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல படம். சேர்த்துப் பார்த்தால் சென்னையில் கேமரா வைத்திருக்கும் எல்லோரிடமும் இருக்கும் தொகுப்பு. படிப்புத் திட்டம் என்று எழுதியிருந்த பத்தியில் சீனப் பண்பாட்டைப் படம்பிடிக்க ஆசை என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அந்த ஆண்டு விண்ணப்பிப்பதில்லை என்பது முதல் முடிவு. உதவித்தொகை விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரில் திறந்து மார்ச், ஏப்ரலில் மூடிவிடும், செப்டம்பரில் வகுப்பு. மிச்சமிருந்த சில வாரங்களில் அவசரமாக எதையாவது அனுப்புவதைவிட ஓராண்டைப் படங்களுக்கும் மொழிக்கும் கொடுப்பது நல்லது என்று பட்டது. அம்மா உடனே ஒப்புக்கொண்டார். அப்பாவும் ஒப்புக்கொண்டார், ஆனால் அந்த ஓராண்டும் முகூர்த்த நாட்களில் மண்டபத்துக்கு வர வேண்டும் என்ற பேச்சுடன். அந்தப் பேச்சைக் கடைசி வரை இரண்டு பேரும் காப்பாற்றினார்கள்.

இரண்டாவது, பழைய படங்கள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு ஒரே ஒரு தொடரைப் புதிதாக எடுப்பது. என்ன எடுப்பது என்று நான் சொல்லவில்லை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் தினமும் போகக்கூடிய இடமாக இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் தேர்ந்தெடுத்தது காசிமேடு மீன்பிடித் துறைமுகம். காசிமேட்டை எடுக்காத போட்டோகிராபர் இந்த ஊரில் இல்லையே என்று எனக்குத் தயக்கம் இருந்தது. விடியற்காலை ஏலம், பறக்கும் காகம், ஐஸ் பெட்டி, வஞ்சிர மீனைத் தூக்கிக் காட்டும் ஆள் என்று எல்லாம் எடுத்துத் தேய்ந்தவை. அவர் சொன்ன பதில்தான் இந்த நிகழ்விலேயே முக்கியமானது என்று நினைக்கிறேன். "ஏலத்தை எடுக்கப் போறதில்ல சார். தடைக்காலத்தை எடுக்கப் போறேன்."

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக வைத்த தடை. அந்த இரண்டு மாதம் துறைமுகத்துக்குக் கேமராக்காரர்கள் வருவதில்லை, எடுக்க எதுவும் இல்லை என்று. ஆனால், பிரித்துப் போட்ட இன்ஜின்கள், கரையேற்றி வர்ணம் பூசும் படகுகள், நிழலில் உட்கார்ந்து வலை கட்டும் ஆட்கள், வியாபாரம் இல்லாததால் கருவாட்டுக் கூடைக்கு மாறிய பெண்கள், நிவாரணத் தொகை கணக்கில் ஏறிவிட்டதா என்று பாஸ்புக்கோடு வங்கிக்குப் போய் வருகிறவர்கள் என்று ஓர் ஊரே அங்கே இருக்கிறது. அவர் அங்கேயே வளர்ந்த பெண். இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கோடை முழுக்கப் போனார். பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ் ஒன்றுதான்.

ஜூலையில் எல்லாவற்றையும் சின்ன அளவில் பிரிண்ட் போட்டு, ஸ்டுடியோ தரையில் பரப்பி வைத்துக் குறைத்தோம். பதினெட்டுப் படங்கள் மிஞ்சின. ஆல்பம் அடுக்கி அனுபவமுள்ள அப்பாவும் கூட உட்கார்ந்தார். எந்தப் படத்துக்குப் பிறகு எந்தப் படம் வர வேண்டும் என்பதில் என்னைவிட அவருக்குக் கண் கூர்மை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

படிப்புத் திட்டம் இந்தத் தொடரிலிருந்தே வந்தது. சீனாவிலும் கோடைகால மீன்பிடித் தடை 1995 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிழக்குச் சீனக் கடலில் மே 1 நண்பகலில் தொடங்கும். ஜெஜியாங் மாகாணத்தில் இருக்கும் ஜோஷான் தீவுக்கூட்டம் அந்நாட்டின் பெரிய மீன்பிடித் தளங்களில் ஒன்று. அங்கே ஷென்ஜியாமென் என்றொரு துறைமுகம் இருக்கிறது. காசிமேட்டுத் தடைக்காலத்தையும் அந்தத் துறைமுகத்தின் தடைக்காலத்தையும் ஒரே மாணவி எடுப்பது என்பது திட்டம். ஏன் சீனா, ஏன் அந்த மாகாணம், ஏன் இவர் என்ற மூன்று கேள்விக்கும் அதில் பதில் இருந்தது. அதன்படியே விண்ணப்பங்களைக் கிழக்குக் கடலோரப் பல்கலைக்கழகங்களோடு நிறுத்திக்கொண்டோம்.

அனுமதி கேட்டது

தொடரில் பாதிக்கு மேல் அடையாளம் தெரியும் முகங்கள். சீனாவில் 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் சிவில் சட்டத் தொகுப்பு, ஒருவருடைய உருவத்தை எடுப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் வெளியிடுவதற்கும் அவருடைய சம்மதம் வேண்டும் என்கிறது. கற்பித்தல், செய்தி போன்றவற்றுக்கு விலக்குகள் உண்டு. காசிமேட்டில் எடுத்த படத்தை அந்தச் சட்டம் கட்டுப்படுத்துமா என்பது வேறு விஷயம். சம்மதம் கேட்கும் பழக்கத்தோடு அங்கே போய்ச் சேரட்டும் என்று நினைத்தேன்.

தமிழில் ஒரு பக்கத் தாள் தயார் செய்தார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார். பிரிண்ட் ஒன்றைக் கையில் கொடுத்த பிறகே கையெழுத்து கேட்டார். ஏறக்குறைய எல்லோரும் போட்டார்கள். ஏலம் விடும் அம்மா ஒருவர் மட்டும், "எம் மூஞ்சி எங்கயும் போவ வேணாம்மா" என்று சொல்லிவிட்டார். தொடரிலேயே சிறந்த படம் அவருடையதுதான். கழுத்துக்குக் கீழே வெட்டிப் பயன்படுத்தலாமா என்று மாணவி கேட்டார். வெட்டினாலும் துறைமுகத்தில் எல்லோருக்கும் அது யார் என்று தெரியும். அந்தப் படத்தை நீக்கிவிட்டு, இரண்டாம் வரிசையில் இருந்த வேறொன்றை வைத்தோம்.

மொழி

ஜூலையில் சீன மொழி தொடங்கியது. குவாங்சோவில் பல ஆண்டு வியாபாரம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெரம்பூர்க்காரர் ஒருவரிடம் வாரத்தில் மூன்று மாலை. எச்எஸ்கே என்ற சீன மொழித் தேர்வில் அப்போது மூன்றாம் நிலைக்கு 600 சொற்கள், நான்காம் நிலைக்கு 1200. முகூர்த்த மாதங்களில் வகுப்பு அடிக்கடி தடைப்பட்டது. ஜனவரியில் மூன்றாம் நிலை தேறினார். நான்குக்கு நேரமில்லை. சீன மொழியில் நடக்கும் முதுகலை வகுப்பில் நேராக உட்கார இது போதாது என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

விண்ணப்பமும் நேர்காணலும்

2025 பிப்ரவரியில் மூன்று இடங்களுக்கு விண்ணப்பித்தார். பதினெட்டுப் படங்களும் மின்னஞ்சலோடு இணைக்கும் அளவுக்குச் சுருக்கிய ஒரே பிடிஎஃப் கோப்பில் போயின; ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஒரு வரி. பேராசிரியர்களுக்குத் தனியாக எழுதிய மின்னஞ்சல்களுக்கு இம்முறை இரண்டு பதில்கள் வந்தன.

ஒரு பல்கலைக்கழகம் ஏப்ரலில் நேர்காணலுக்கு அழைத்தது. முதலில் சொன்ன காணொலிச் செயலி இந்தியாவில் கிடைக்காதது. அதை விளக்கி எழுதியதும் மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு மாற்றிக்கொண்டார்கள். அங்கே காலை 9 மணி என்றால் நமக்கு 6.30. கடை திறக்கும் முன் ஸ்டுடியோவிலேயே உட்கார்ந்து பேசினார். சீனத்தில் சுய அறிமுகம், அப்புறம் ஆங்கிலம்.

படத்தில் இருப்பவர்கள் சம்மதித்தார்களா என்பது கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று; தாள்களைக் கேமரா முன் காட்டினார். மற்றொரு கேள்வி, மீன்பிடித் துறைமுகம் பற்றிய பதினெட்டுப் படங்களில் ஏன் ஒன்றில்கூடக் கடல் இல்லை என்பது. நானோ அவரோ அதற்கு முன் கவனிக்காத விஷயம் அது. தடைக்காலத்தில் அங்கே யாரும் கடலைப் பார்த்து உட்காருவதில்லை, எல்லோரும் கடலுக்கு முதுகு காட்டி இன்ஜினையோ வலையையோதான் பார்க்கிறார்கள் என்று யோசித்துச் சொன்னார். அந்தப் பதிலுக்குப் பிறகு பேச்சு நீண்டது.

ஜூன் கடைசியில் முடிவு வந்தது. சீன அரசு உதவித்தொகை கிடைக்கவில்லை. மற்ற இரண்டு இடங்களில் ஒன்று மறுத்துவிட்டது, ஒன்று பதிலே தரவில்லை. நேர்காணல் நடத்திய பல்கலைக்கழகம் ஓராண்டு மொழிப் படிப்புக்கு இடமும் கட்டண விலக்கும் கொடுத்தது. தேவையான மொழி நிலையை எட்டினால் அடுத்த செப்டம்பரில் முதுகலைக்குப் பரிசீலிப்போம் என்றும் எழுதியிருந்தார்கள். மாதச் செலவு குடும்பத்தின் பொறுப்பு. யுவான் அப்போது சுமார் 12 ரூபாய். நகைக்கடனும், அந்த ஆண்டு மண்டபங்களில் மாணவி சம்பாதித்துச் சேர்த்ததும் சேர்ந்து ஓராண்டுக்குப் போதும் என்று கணக்குப் போட்டார்கள். போவதா வேண்டாமா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. அதில் நான் கலந்துகொள்ளவில்லை.

தாள்களும் விசாவும்

இந்தக் கட்டத்தில் ஏஜென்ட் இல்லாமல் சமாளிக்க முடிந்தது, வேலை மட்டும் அதிகம். அரசு உதவித்தொகை பெறுகிறவர்களுக்கு ஜேடபிள்யூ 201, மற்றவர்களுக்கு 202 என்ற மாணவர் விசாப் படிவம் வரும், இவருக்கு 202. படிப்பு 180 நாளுக்கு மேல் என்பதால் எக்ஸ்1 விசா. உடல் பரிசோதனைப் படிவத்தில் மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் உண்டு, ஆறு மாதம்தான் செல்லும். மருத்துவமனை முத்திரை, ஒட்டிய புகைப்படத்தின் மேல் பாதி விழ வேண்டும். முதல் தடவை அப்படி விழவில்லை. திரும்பப் போய் வைத்து வாங்கினார். சென்னையில் சீனத் துணைத் தூதரகம் கிடையாது, தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் டெல்லிக்குப் போகும். அப்பாவும் மகளும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போய் வந்தார்கள்.

விசா புகைப்படத்தில் ஒரு சிக்கல் வந்தது. 33 மில்லிமீட்டர் அகலம், 48 உயரம், வெள்ளைப் பின்னணி. தலையின் அளவுக்கும் தனி வரம்பு உண்டு. அப்பா எடுத்த படத்தை இணைய விண்ணப்பம் ஏற்கவில்லை. அளவு சரியாகத்தான் இருந்தது. வாடிக்கையாளருக்குச் செய்கிற பழக்கத்தில் மகளின் முகத்தையும் அவர் கொஞ்சம் வெளுப்பாக்கி வழவழப்பாக்கியிருந்தார். "முப்பது வருஷமா பாஸ்போர்ட் போட்டோவுலதான் சார் சாப்பாடு. எம் பொண்ணு போட்டோவையே வேணாங்குறான் பாருங்க" என்று அவர் சொன்னபோது சிரிக்காமல் இருக்க முடியவில்லை. திருத்தாத படம் உடனே ஏறியது.

கேமராப் பை

இரண்டு கேமராவும் நான்கு லென்ஸும் கொண்டுபோக ஆசைப்பட்டார். ஒரு கேமரா, 35, 50 என்று இரண்டு லென்ஸ் போதும் என்று முடிவானது. மிச்சம் ஸ்டுடியோவுக்குத் தேவை. அதைச் சொல்ல அப்பா தயங்கினார், அதனால் நான் சொன்னேன். ட்ரோன் வேண்டாம் என்பதில் விவாதமே இல்லை. அங்கே அதற்குப் பதிவும் விதிகளும் கடுமை, துறைமுகப் பகுதியில் ராணுவ இடங்கள் இருந்தால் வீண் வம்பு. கிளம்பும் நாளில் சென்னை விமான நிலையச் சுங்கத்தில் கேமரா, லென்ஸ்களின் வரிசை எண்ணோடு ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார். திரும்பி வரும்போது புதிதாக வாங்கியதா என்ற கேள்வி எழாமல் இருக்க அது உதவும். உதிரி பேட்டரிகள் கைப்பையில், முனைகளில் டேப் ஒட்டி. சீனப் பாதுகாப்புச் சான்றான 3சி முத்திரை இல்லாத பவர் பேங்குகளுக்குச் சீன உள்நாட்டு விமானங்களில் 2025 ஜூன் 28 முதல் தடை என்பதால் பழையதை வீட்டிலேயே விட்டுவிட்டார். நேரடி விமானங்கள் 2020-இல் நின்று 2025 அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கின. இவர் ஆகஸ்ட் கடைசியில் சிங்கப்பூர் வழியாகப் போனார்.

போன பிறகு

முதல் 30 நாளுக்குள் விசாவைத் தங்கும் அனுமதியாக மாற்ற வேண்டும். பல்கலைக்கழக அலுவலகமே அழைத்துப்போய் முடித்துக் கொடுத்தது. எதிர்பாராத சிரமம் வீட்டோடு பேசுவதில் வந்தது. அங்கே வாட்ஸ்அப் இல்லை, இங்கே வீசாட் இல்லை. நேர்காணலுக்குப் பழகிய டீம்ஸையே அம்மாவின் போனிலும் போட்டுக் கொடுத்தார் அப்பா.

முதல் பருவத்தில் கேமராவை அதிகம் எடுக்கவில்லை. மொழி வகுப்பு காலை முழுவதும், மாலையில் எழுத்துப் பயிற்சி. டிசம்பரில் எச்எஸ்கே நான்காம் நிலை தேறினார். நேர்காணலில் கடல் பற்றிக் கேட்ட பேராசிரியர் தன் வகுப்பில் பதினெட்டுப் படங்களையும் காட்டச் சொன்னார். இதை எழுதும்போது இரண்டாம் பருவம் நடக்கிறது. முதுகலைக்கும் உதவித்தொகைக்கும் மறுபடி விண்ணப்பித்திருக்கிறார், முடிவு வரவில்லை. கிடைக்காவிட்டால் இரண்டாம் ஆண்டுக்குக் குடும்பத்திடம் பணம் இல்லை, திரும்பி வருவார். எதுவானாலும் மே மாதம் ஷென்ஜியாமென் போகத் தேதி குறித்திருக்கிறார்.

இனி மாற வேண்டியவை

அடுத்து வரும் மாணவருக்கு நான் முதல் நாளே சொல்லப்போவது, இணைப்பை அனுப்பாதே, கோப்பை அனுப்பு என்பது. சம்மதத் தாளை, தொடரை எடுத்து முடித்த பிறகு அல்லாமல், படம் எடுக்கும் வாரத்திலேயே வாங்க வேண்டும். இரண்டு பேரைத் தேடிப் பிடிக்க மாணவி நாகை வரை போக வேண்டியிருந்தது. மருத்துவப் பரிசோதனையின் ஆறு மாதம், எச்எஸ்கே மதிப்பெண்ணின் இரண்டு ஆண்டு என்று ஒவ்வொன்றுக்கும் காலாவதி உண்டு என்பதால், தாள்களை வகுப்பு தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டமிட வேண்டும்.

மொழியில் எனக்கும் மாணவிக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. தடைக்காலத் தொடரையும் அதை அடுக்குவதையும் பாதி நேரத்தில் முடித்துவிட்டு, பிப்ரவரியிலிருந்தே சீனம் படித்திருந்தால் நான்காம் நிலையோடு விண்ணப்பித்திருக்கலாம், உதவித்தொகையும் கிடைத்திருக்கும் என்கிறார் அவர். அவ்வளவு நேரம் கொடுக்காமல் அந்தத் தொடர் அப்படி வந்திருக்காது, தொடர் இல்லாவிட்டால் நேர்காணலே இல்லை என்பது என் வாதம். போன வாரம் பேசும்போதும் அவர் மாறவில்லை. "அங்க உக்காந்து வகுப்புல ஒண்ணும் புரியாம முழிச்சது நான்தானே சார்" என்றார்.